விரலா, சுவாப்பா, சும்மா இருப்பதா?

“உன்னோட ஒரு விசயம் கதைக்கணும் கா. போன்ல வேணாம்.”

மச்சாள் இப்படிச் சொன்னால் அது கிளினிக் கதை. அடுத்த நாள் குருமண்வெளியில் பாதை, அதாவது மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் இயந்திரத் தெப்பம், ஏறி மண்டூர்த் துறையில் இறங்கினேன். அவள் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வந்த பாதையிலேயே திரும்பவும் ஏற்றினாள். வீட்டில் மாமி இருக்கிறா, வேலிக்கு அந்தப் பக்கம் காதுகள் இருக்கின்றன. வாவி நடுவில் இயந்திரச் சத்தத்துக்குள் யார் என்ன பேசினாலும் அடுத்தவருக்குக் கேட்காது. மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி கேட்டாள்: “அந்த இடத்துல பஞ்சு விட்டு எடுக்கிற டெஸ்ட் ஒண்டு இருக்காம். எங்களப்போல ஆக்கள் எடுக்கணுமாம். நான் எடுக்கிறதா, விடுறதா?”

அவள் கேட்டது மலவாசல் புற்றுநோயைத் தேடும் சுவாப் பரிசோதனையைப் பற்றி. அவளுக்கு 47 வயது. எச்.ஐ.வி.யோடு 12 வருடமாக வாழ்கிறாள். எப்படி வந்தது என்று கேட்பவர்கள் கேட்கட்டும், இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை. குளிசையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை; இரத்தத்தில் வைரஸ் பிடிபடாத அளவுக்கு இறங்கிப் பல வருடம். நான் டொக்டர் இல்லை. இவளைப் போன்ற சில பெண்களுக்குத் துணையாகக் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கிறவள், ஆங்கிலத்தில் வரும் மருத்துவக் கட்டுரைகளை வாசித்து வீட்டுத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறவள், அவ்வளவுதான். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

சுவாப் கதைக்கு முதல் நான் கேட்டது வேறு: “இப்ப ஏன் இந்த யோசனை?” கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இரண்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. மூலம் என்று தானே முடிவெடுத்து, காரத்தை நிறுத்தி, கிழமைக்கு இரண்டு தரம் கருணைக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டு, ஒரு போத்தல் லேகியமும் முடித்திருக்கிறாள். ஒரு தனியார் டிஸ்பென்சரியிலும் காட்டியிருக்கிறாள். அங்கே உடுப்பை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. “பைல்ஸ்” என்று சொல்லிக் களிம்பு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரத்தம், கட்டி, விடாத அரிப்பு, உட்காரும்போது நோவு, மலம் மெலிந்து போவது, இதில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் அது “எடுக்கிறதா விடுறதா” என்ற கணக்கில் சேராது. அந்தக் கணக்கு ஒரு வருத்தமும் இல்லாதவர்களுக்கு. இரத்தம் வந்தால் வயது 27 ஆனாலும் 67 ஆனாலும் உள்ளே பார்க்க வேண்டும், பார்த்துத்தான் மூலம் என்று சொல்ல வேண்டும். மலவாசல் புற்றுநோய் ஆரம்பத்தில் மூலத்தைப் போலவே நடிக்கும். எச்.ஐ.வி. உள்ள பெண் ஒருத்தி “எனக்கு மூலம்” என்று வந்தால், நான் முதலில் கேட்பது “யார் விரல் விட்டுப் பார்த்தது?” என்றுதான்.

அடுத்த கிழமையே போனோம். இடது பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்கள், முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடித்து. இடுப்புக்கு மேல் ஒரு சீலை. கையுறை, கொஞ்சம் ஜெல். டொக்டர் முதலில் வெளித்தோலை விரித்துப் பார்த்தார்; பிறகு ஒரு விரலை மெல்ல விட்டு, மணிக்கூட்டு முள் சுற்றுவதுபோல சுவர் முழுவதும் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் குழாய்க் கருவி. இரண்டு, மூன்று நிமிடம். மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், ஆனால் நோவினால் இல்லை, வெட்கத்தினால். “ஒரு வெடிப்பும் சின்ன மூலமும் இருக்கு, வேற கட்டி ஒண்டும் இல்ல” என்றார். வெளியே வந்து கன்ரீனில் பிளேன்ரீ குடிக்கும்போது அவள் சொன்னது: “இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு மாசம் கருணைக்கிழங்கு திண்டன்?”

சரி, இரத்தக் கதை முடிந்தது. பாதையில் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

அந்த இடத்தில் ஏன்?

மலவாசல் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் எச்.பி.வி. என்ற வைரசால் வருவது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவரும் அதே வைரஸ்தான். அதிலும் 16 என்று இலக்கமிட்ட வகைதான் பெரிய வில்லன். கருப்பைக் கழுத்தில் இரண்டு வகைத் தோல் சந்திக்கும் ஒரு விளிம்பு இருக்கிறது, மலவாசலுக்குள்ளும் அதே மாதிரி ஒரு விளிம்பு. அந்தச் சந்திப்புகளில் குடியிருக்க இந்த வைரசுக்கு நல்ல விருப்பம். நோயெதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பு பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் அதைத் துரத்திவிடும். எச்.ஐ.வி. உள்ள உடம்பில் அது தங்கிவிடுகிறது, தங்கினால் கலங்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது.

இதைச் சொல்லும்போது பெண்கள் முகம் சிவப்பதைப் பார்த்திருக்கிறேன். “நான் அப்பிடியெல்லாம் நடக்கல்லையே” என்பார்கள். அந்தச் சந்தேகத்தை இங்கேயே தூக்கி வாவியில் போடலாம். பின்புறமாக உடலுறவு கொள்ளாத பெண்களிடமும் மலவாசலில் எச்.பி.வி. இருக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு விரற்கிடைத் தூரம். கழுவும்போது, துடைக்கும்போது, விரல் வழியாக, கசிவு வழியாக வைரஸ் போய்விடும். கருப்பைக் கழுத்தில் 16ஆம் வகை உள்ள பெண்ணுக்கு மலவாசலிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்திலோ வெளிப் பெண்ணுறுப்பிலோ முன்னர் புற்றுக்கு முந்திய மாற்றம் வந்து சிகிச்சை எடுத்தவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். யாருடைய நடத்தைக்கும் இதில் சான்றிதழ் இல்லை.

எவ்வளவு ஆபத்து? உலக அளவில் ஆய்வுகளைத் திரட்டி 2021இல் போட்ட கணக்கின்படி, பொதுச் சனத்தில் ஒரு வருடத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் இருவருக்குத்தான் இந்த நோய் வருகிறது. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களில் ஒரு லட்சத்துக்கு 22 பேர். பத்து மடங்குக்கும் மேல், உண்மைதான். ஆனால் இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்: அப்படிப்பட்ட பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு இரண்டு பேர். நித்திரை கெட வேண்டிய இலக்கமில்லை, மறந்துவிட்டு இருக்கக்கூடிய இலக்கமுமில்லை. மச்சாளுக்கு நான் சொன்னது: “பாம்பு இருக்கிற வளவுதான். அதுக்காக வீட்ட விட்டுப் போறதில்ல, லைற் பிடிச்சு நடக்கிறது.”

எந்த லைற் என்பதுதான் கேள்வி.

சும்மா இருப்பது

இதையும் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் தெரிந்தோ தெரியாமலோ எடுப்பது இதைத்தான். 30 வயதுப் பெண், ஒரு வருத்தமும் இல்லை, குளிசை ஒழுங்காகப் போடுகிறாள் என்றால் பெரிய பிழையில்லை. மலவாசல் புற்றுநோய் ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டல், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குப் பரிசோதனை தொடங்கும் வயதாக 45ஐத்தான் சொல்கிறது. அமெரிக்க எச்.ஐ.வி. வழிகாட்டலும் அதே ஆண்டு அதே வயதைத்தான் சொன்னது. ஆண்களோடு உறவுகொள்ளும் எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு 35. மச்சாள் அந்த 45ஐத் தாண்டிவிட்டாள், ஆகவே அவளுக்கு இந்தத் தெரிவு கிடையாது.

விரல்

மேலே சொன்னேனே, அந்த இரண்டு நிமிடம்தான். வருடத்துக்கு ஒரு தரம், ஒரு வருத்தமும் இல்லாவிட்டாலும். செலவு ஒரு சோடி கையுறை. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏற வேண்டாம், எந்த இயந்திரமும் வேண்டாம், விரல் பழகிய டொக்டர் ஒருவர் போதும்.

இதன் குறை என்ன? விரலுக்குத் தெரிவது கட்டி. புற்றுக்கு முந்திய மாற்றம் தோலில் நிறம் மாறியதுபோலத் தட்டையாக இருக்கும், விரலுக்கு அகப்படாது. அதாவது விரல் நோயைத் தடுக்காது, வந்த நோயைச் சின்னதாக இருக்கும்போது பிடித்துத் தரும். அது சின்ன விசயமா? இல்லை. மலவாசல் புற்றுநோய்க்கு வெட்டி எடுத்து வயிற்றில் பை வைப்பதுதான் வழி என்று பலர் பயந்துபோய் இருக்கிறார்கள். அது பழைய காலம். 1974இல் நிக்ரோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கதிர்வீச்சும் இரண்டு மருந்துகளும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி கரைந்துபோனது. அதன் வழிவந்த முறைதான் இன்றைக்கும் முதல் சிகிச்சை. பரவாமல் இருக்கும்போது பிடித்தவர்களில் பெரும்பாலானோர் மலவாசலையும் வைத்துக்கொண்டு சுகமாகிறார்கள். விரல் வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான்.

எனக்கு விரலில் பிடித்த இன்னொன்று: இது பாதியில் விடும் பரிசோதனை இல்லை. கட்டி தட்டுப்பட்டால் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பது சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பழகிய வேலை.

சுவாப்

மச்சாள் “பஞ்சு” என்று சொன்னது இதைத்தான், ஆனால் பஞ்சில்லை. பொலியெஸ்டர் முனை உள்ள குச்சி. தண்ணீரில் நனைத்து மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் வரை உள்ளே விட்டு, சுவரில் அழுத்திச் சுற்றிச் சுற்றி மெதுவாக வெளியே எடுப்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஒட்டிய கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம், கருப்பைக் கழுத்துக்கு எடுக்கும் பாப் பரிசோதனை மாதிரி. அல்லது எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது இரண்டும். எடுப்பதற்கு முதல் நாள் ஜெல், களிம்பு, எனிமா ஒன்றும் வேண்டாம் என்பார்கள். விரலும் சுவாப்பும் ஒரே நாளில் என்றால் சுவாப்தான் முதல்.

கேட்க நன்றாக இருக்கிறது. இது என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் முடிவு இங்கேதான் நிற்கிறது.

உள்ளே கடுமையான மாற்றம் உள்ள 100 பேரை எடுத்தால், கலங்களைப் பார்க்கும் சுவாப் சுமார் 80 பேரைப் பிடிக்கும். எச்.பி.வி. சுவாப் சுமார் 90. பரவாயில்லைதான். ஆனால் அப்படி மாற்றம் இல்லாத 100 பேரை எடுத்தால்? முதல் சுவாப் அதில் நாற்பதுக்குக் கிட்ட ஆட்களையும், எச்.பி.வி. சுவாப் ஐம்பதுக்கு மேலான ஆட்களையும் “வாருங்கள், உள்ளே பார்க்க வேண்டும்” என்று கூப்பிட்டுவிடும். அதாவது சுவாப் தருவது பதில் இல்லை, அடுத்த இடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. அந்த அடுத்த இடம் எங்கே இருக்கிறது?

அந்த இடத்தின் பெயர் உயர் துல்லிய அனோஸ்கோப்பி. கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் கொல்போஸ்கோப் நம் ஊர்ப் பெண்களில் கொஞ்சப் பேருக்குத் தெரியும். அதே கருவியை மலவாசலுக்குத் திருப்புவதுதான். வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலத்தை ஒரு துணியில் நனைத்து உள்ளே வைத்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, வெண்மையாகத் தெரியும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, பிறகு அயடீன் பூசிப் பார்ப்பது, சந்தேகமான இடத்தில் நெல் மணி அளவு துண்டெடுப்பது. கருவி பெரிய விசயமில்லை, கண்தான் பெரிய விசயம். மலவாசலின் மடிப்புகளுக்குள் எது மாற்றம், எது மூலம், எது சும்மா தழும்பு என்று பிரித்தறிய நூற்றுக்கணக்கில் பார்த்துப் பழக வேண்டும். பணக்கார நாடுகளிலேயே இதற்குப் பழகியவர்கள் குறைவு, மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அதனால்தான் அந்த அமெரிக்க வழிகாட்டலே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: உயர் துல்லிய அனோஸ்கோப்பிக்கு அனுப்ப வழி இல்லாத இடத்தில் சுவாப் எடுக்காதீர்கள், விரலோடு நில்லுங்கள். முதல் தரம் வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்றா என்று. பிறகு மச்சாளை அந்த இடத்தில் வைத்து யோசித்தேன். சுவாப் கொடுத்துவிட்டு வந்து, “மாற்றம் இருக்கலாம்” என்று ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டுவதற்கு ஆளில்லாமல், மாமிக்குத் தெரியாமல் அலுமாரியில் சீலைக்கு அடியில் ஒளித்து வைத்து, ஒவ்வொரு நாளும் காலையில் இரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருப்பாள். கோபம் அடங்கிவிட்டது.

கண்டுபிடித்தால் எரிப்பதா, பார்த்துக்கொண்டிருப்பதா?

அப்படியென்றால் சுவாப் பயனில்லாததா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வழி திறந்திருக்கும் இடத்தில் அது உயிர் காக்கிறது, அதற்குச் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் அங்கர் என்ற பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2022இல் வந்தது. எச்.ஐ.வி. உள்ள, 35 வயதுக்கு மேற்பட்ட, மலவாசலில் கடுமையான மாற்றம் உள்ள 4,446 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மாற்றத்தை எரித்தோ மருந்து பூசியோ அகற்றினார்கள். மற்றப் பகுதியை அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். இரண்டு வருடம் சொச்சத்தில் அகற்றியவர்களில் 9 பேருக்குப் புற்றுநோய், பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 21 பேருக்கு. பாதிக்கும் மேல் குறைந்தது. ஆய்வை நேரத்துக்கு முன்பே நிறுத்தி எல்லாருக்கும் சிகிச்சை கொடுக்கச் சொன்னார்கள்.

இந்த இலக்கங்களில் இன்னும் இரண்டு சேதி மறைந்திருக்கிறது. ஒன்று, ஆய்வுக்காகப் பரிசோதித்த பத்தாயிரம் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு அந்தக் கடுமையான மாற்றம் இருந்தது. தேடினால் கிடைக்கும், நிறையவே கிடைக்கும். ஆனால் ஒன்றும் அகற்றாமல் விட்ட 2,200 பேரிலும் புற்றுநோயாக மாறியது 21தான். ஆகவே “மாற்றம்” என்ற சொல் ரிப்போர்ட்டில் வந்தால் உலகம் இடிந்துவிடவில்லை. மற்றது, அகற்றியவர்களுக்கும் 9 பேருக்கு வந்திருக்கிறது. எரித்த இடம் ஆறினாலும் மாற்றம் திரும்பி வருகிறது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒருதரம் கொழும்புக்குப் போய் முடித்துவிட்டு வரும் காரியமில்லை. இதோடு, அந்த ஆய்வில் பெண்கள் சுமார் ஆறில் ஒருவர்தான். பெண்களுக்கும் பொருந்தும் என்றுதான் நிபுணர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படியே எடுக்கிறேன், ஆனால் யார் உடம்பில் கணக்குப் பார்த்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால்: உயர் துல்லியப் பரிசோதனைக்குக் கையெட்டும் தூரத்தில் ஆளிருந்து மாற்றம் என்று உறுதியானால், அகற்றுவதே மேல். பார்த்துக்கொண்டிருப்பது என்பதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதற்கு ஆளிருந்தால்தான் பார்ப்பது. ஆளில்லாவிட்டால் அது சும்மா இருப்பதற்கு இன்னொரு பெயர்.

முன்பக்கத்தை மறந்துவிட்டு

இவ்வளவும் கேட்டுவிட்டு மச்சாள் மெல்லச் சொன்னாள், கடைசியாகப் பாப் பரிசோதனை எடுத்தது 35 வயதிலாம். எனக்குப் பொறுக்கவில்லை.

சனம் புதிதாகக் கேள்விப்பட்ட வருத்தத்துக்கு ஓடும், தெரிந்த வருத்தத்தை விட்டுவிடும். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. அதற்குப் பரிசோதனை இருக்கிறது, அடுத்த படி இருக்கிறது, அகற்றும் சிகிச்சையும் நாட்டில் இருக்கிறது. சுவாப்புக்கு இல்லாத வழியெல்லாம் இதற்கு உண்டு. இதை எடுக்காமல் அதைப் பற்றி யோசிப்பது, முன்கதவைத் திறந்து போட்டுவிட்டு யன்னலுக்குப் பூட்டு வாங்குவது.

ஏன் 35க்குப் பிறகு எடுக்கவில்லை? அவள் ஊர்க் கிளினிக்குக்குத்தான் போனாள். 1996 முதல் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் நடக்கும் வெல் வுமன் கிளினிக், நல்ல கிளினிக், நம் அம்மாமாருக்குக் கிடைக்காத பாக்கியம். அங்கே கணக்கு 35 வயதில் ஒன்று, 45 வயதில் ஒன்று. “ரிப்போர்ட் நல்லம், இனி 45இல வாங்க” என்று மிஸ்ஸி சொன்னா, அவள் வந்துவிட்டாள். மிஸ்ஸியில் பிழையில்லை, அவவுக்கு இவளின் எச்.ஐ.வி. தெரியாது, இவள் சொல்லவுமில்லை. பத்து வருட இடைவெளி மற்றப் பெண்களுக்குப் போட்ட கணக்கு. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு 25 வயதிலேயே தொடங்கி, எச்.பி.வி. பரிசோதனை என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. பாப் என்றால் இன்னும் அடிக்கடி. 45 வந்தபோது மாமியின் கண் சத்திரசிகிச்சை, பிறகு மகனின் பரீட்சை, அப்படியே போய்விட்டது.

ஆகவே இதற்குள்ளேயே இன்னொரு ஒப்பீடு வந்துவிட்டது: எங்கே எடுப்பது? ஊர்க் கிளினிக் நடந்துபோகும் தூரம், ஆனால் உண்மையைச் சொன்னால்தான் சரியான திகதி கிடைக்கும். சொல்வதா என்பது அவரவர் துணிவு. குடும்பநல மாது அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவ என்றால் நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். பாலியல் நோய்க் கிளினிக் தூரம், ஆனால் அங்கே எல்லாம் ஏற்கனவே தெரியும், பெயரைக் கூவாமல் இலக்கத்தால் கூப்பிடுவார்கள், பாப் பரிசோதனையும் அங்கேயே எடுக்கலாம், மருந்தும் அதே நாளில். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் இருக்கிறது. களுவாஞ்சிக்குடியில் வடக்கே போகும் பஸ் பிடிப்பதா தெற்கே போகும் பஸ் பிடிப்பதா என்பதைச் சொந்தக்காரர் எந்தப் பக்கம் குறைவோ அதைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களும் உண்டு, அதைக் குறை சொல்ல நான் யார். தூரமானாலும் இரண்டாவதே நல்லது என்பது என் எண்ணம். ஒரே பயணத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் முடியும்: பாப், அதே கட்டிலில் விரல்.

ஊசி

“ஸ்கூல்ல போடுறாங்களே, அந்த ஊசிய நான் இப்ப போட்டா?” அடுத்த கேள்வி இதுதான் என்று எனக்குத் தெரியும். எச்.பி.வி. தடுப்பூசியைச் சொல்கிறாள். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஊசி வராத வைரசைத் தடுக்கும், வந்து குடியிருக்கும் வைரசைத் துரத்தாது. 27 வயதுக்கு மேற்பட்ட, எச்.ஐ.வி. உள்ள 575 பேருக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது, மலவாசலில் எச்.பி.வி. தங்குவதை அது குறைக்கவில்லை, பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தினார்கள். 47 வயதில் சொந்தக் காசு கொடுத்துத் தனியாரில் மூன்று ஊசி போடுவதை நான் சொல்லமாட்டேன். அந்தக் காசு பாப்புக்கும் பஸ்ஸுக்கும் பல வருடத்துக்குப் போதும்.

ஆனால் வீட்டில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை இருந்தால் கதை தலைகீழ். 2017 முதல் பாடசாலையில் அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, ஆறு மாத இடைவெளியில் இரண்டு. அந்தச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க யோசிக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும், “பிள்ள பெறாமப் போயிருமாம்” என்ற வதந்தியைக் கேட்டுவிட்டு. கையெழுத்து வையுங்கள். பிள்ளையும் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறாள் என்றால், முடிந்தால் மூன்று ஊசி என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அதைக் கிளினிக் டொக்டரோடு தனியாகக் கதைக்க வேண்டும்.

குளிசையைப் பற்றி இரண்டு வரி. எச்.ஐ.வி. மருந்தை நேரத்தோடு தொடங்கி நோயெதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்கு இறங்காமல் காத்தவர்களுக்கு இந்த ஆபத்தும் குறைகிறது, இல்லாமல் போவதில்லை. புகை ஆபத்தைக் கூட்டும். எங்கள் பெரியம்மாமார் சிலர் இன்னும் பின்வளவில் சுருட்டுப் பிடிக்கிறார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டுப் போனார்கள்.

மச்சாளுக்கு என்ன சொன்னேன்?

வாங்கில் உட்கார்ந்து, அவள் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலில் பாப், பிந்தாமல். வருடா வருடம் விரல், அதே நாளில். இரத்தமோ கட்டியோ வந்தால் திகதியைப் பார்க்காமல் உடனே. சுவாப் இப்போதைக்கு இல்லை.

அந்தக் கடைசி வரி எல்லாருக்கும் இல்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்ந்து, பழகிய கண் உள்ள இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடிந்தவள் என்றால் சுவாப்பை மேலே தூக்கி வைத்திருப்பேன். கருப்பைக் கழுத்தில் 16ஆம் வகை தங்கியிருக்கிறது என்று தெரிந்தவள், பெண்ணுறுப்பில் முன்னர் மாற்றம் வந்தவள் என்றால், தூரமானாலும் பயணப்படச் சொல்லியிருப்பேன், துணைக்கும் போயிருப்பேன். மச்சாளின் பாப் ரிப்போர்ட் நன்றாக வராவிட்டால் அவளுடைய வரிசையும் மாறும்.

அவள் கொப்பியை வாங்கி, என் எழுத்துக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: “சுவாப் எடுத்தா மறுகா என்னப் பாக்கிறது ஆரு?” உள்ளே போய் அதை அப்படியே டொக்டரிடம் நீட்டினாளாம். அவர் வாசித்துவிட்டு, விசாரித்துச் சொல்வதாகவும், அடுத்த வருடமும் இதே கேள்வியைக் கேட்கும்படியும் சொல்லியிருக்கிறார். பாப்புக்குக் கார்த்திகை மாதத்தில் ஒரு திகதி கொடுத்தார். மாரிக்குள் வாவி பெருகினால் பாதை ஓடாது, தைக்கு மாற்றிக் கேட்போமா என்று நான் கேட்டேன்.

“வேணாம் கா,” என்றாள். “பட்டிருப்புப் பாலத்தால சுத்தி வாறன்.”